தட்டில் வளரும் அட்ரினல் செல்களுக்கு ஹார்மோன் கொடுப்பது எப்படி

சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் செல்களோடு புதிதாக வேலை தொடங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கிற கேள்வி இதுதான்: "ஏசிடிஎச் போட்டேன், கார்டிசால் ஏறவே இல்லை, ஹார்மோன் கெட்டுப்போயிருக்குமோ?" (ஏசிடிஎச் என்பது கார்டிசால் செய்யச் சொல்லி பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்.) கெட்டுப்போயிருக்கலாம். ஆனால் அதைவிட அதிக வாய்ப்பு, நீங்கள் வளர்க்கிற செல்லில் ஏசிடிஎச்சைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியே போதுமான அளவில் இல்லை என்பதுதான். அல்லது, மீடியத்தில், அதாவது செல் வளரும் ஊட்டத் திரவத்தில், ஏற்கெனவே வேறொரு ஹார்மோன் கொட்டிக் கிடக்கிறது. அல்லது நீங்கள் பார்த்த நேரம் தவறு. எம்.எஸ்சி. புராஜெக்டுக்கோ பிஎச்.டி.க்கோ இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக, சோதனை தொடங்குமுன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும், வந்த விளைவை எப்படிப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

பின்னணி கொஞ்சம். அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியான புறணியில் மூன்று அடுக்குகள். மேல் அடுக்கு ஆல்டோஸ்டிரோன் செய்கிறது, அதை முக்கியமாக ஆட்டிவைப்பது ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோனும் ரத்தத்தின் பொட்டாசியம் அளவும். நடு அடுக்கு கார்டிசால் செய்கிறது, அதற்குக் கட்டளை பிட்யூட்டரியிலிருந்து வரும் ஏசிடிஎச். உள் அடுக்கில் டிஎச்இஏ போன்ற ஆண்ட்ரோஜன் வகைகள். இந்த மூன்றுக்கும் உள்ளே, சுரப்பியின் மையமான அகணியில், அட்ரினலின் செய்யும் குரோமாஃபின் செல்கள். சுரப்பியைச் செல்லாகப் பிரித்துத் தட்டில் போட்டவுடன் இந்த அடுக்கு அமைப்பு, ரத்த ஓட்டத்தின் திசை, நரம்பு இணைப்பு எல்லாம் போய்விடுகிறது. மீதி இருப்பது செல்லும் நீங்கள் ஊற்றுகிற மீடியமும்தான். அதனால் ஊற்றுவதில் என்ன இருக்கிறது என்பது உங்கள் பொறுப்பு.

எந்தச் செல்?

மனித அட்ரினல் என்றால் இன்று உலகம் முழுக்க அதிகம் புழங்குவது எச்295ஆர். இதன் தாய் செல் லைனான (தட்டில் தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் செல் வம்சம்) என்சிஐ-எச்295, ஒரு பெண்ணின் அட்ரினல் புறணிப் புற்றுக்கட்டியிலிருந்து வந்தது. அதை 1990இல் அடி காஸ்டர் குழுவினர் வெளியிட்டார்கள். அது மிதந்துகொண்டும் மெதுவாகவும் வளரும் செல். பிறகு வில்லியம் ரெய்னியின் குழு, தட்டில் ஒட்டி ஓரளவு வேகமாக வளரும் வகையைத் தேர்ந்தெடுத்து எடுத்தது, அதுதான் எச்295ஆர். இதன் பெரிய பலம், மூன்று அடுக்குகளின் ஸ்டீராய்டுகளையும் இந்த ஒரே செல் செய்யும் என்பது: ஆல்டோஸ்டிரோன், கார்டிசால், ஆண்ட்ரோஜன், கொஞ்சம் எஸ்ட்ரடையால்கூட. பூச்சிமருந்துகளும் பிளாஸ்டிக் வேதிப்பொருள்களும் ஹார்மோன் உற்பத்தியைக் குலைக்கின்றனவா என்று பார்க்க ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு வகுத்திருக்கும் 456ஆம் எண் சோதனை நெறிமுறை இந்தச் செல்லை வைத்துத்தான் நடக்கிறது.

பலவீனமும் உண்டு, அதுதான் மேலே சொன்ன புகாருக்குக் காரணம். எச்295ஆர் ஆஞ்சியோடென்சினுக்கும் பொட்டாசியத்துக்கும் நன்றாகப் பதில் சொல்லும், ஏசிடிஎச்சுக்கு மிகக் குறைவாகவே சொல்லும். ஏசிடிஎச் ஏற்பியான எம்சி2ஆர் அதில் சொற்பம். அந்த ஏற்பி செல்லின் மேற்பரப்புக்கு வந்து சேரவே எம்ஆர்ஏபி என்ற துணைப்புரதம் வேண்டும், இது 2005இல்தான் தெரியவந்தது, அதற்கு முன்பு எம்சி2ஆர் மரபணுவை மட்டும் வேறு செல்களில் போட்டுவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று பலர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஆக எச்295ஆரில் ஏசிடிஎச் பாதையைப் படிக்க விரும்பினால் இரண்டு வழி. ஏற்பியைத் தாண்டி உள்ளே நேரடியாகச் சைக்ளிக் ஏஎம்பியை (ஹார்மோனின் கட்டளையைச் செல்லுக்குள் கடத்தும் மூலக்கூறு) ஏற்றுகிற ஃபோர்ஸ்கோலினைப் போடுங்கள். இல்லையென்றால் எச்ஏசி15 என்ற கிளையை வாங்குங்கள், அது ஏசிடிஎச்சுக்குத் தெளிவாகவே பதில் சொல்லும். (எச்ஏசி15 தனி நோயாளியிடமிருந்து வந்த புது லைன் என்றுதான் முதலில் நினைத்தார்கள், பிறகு பார்த்தால் அதுவும் எச்295ஆரின் வாரிசு. செல் லைன் உலகில் இது சகஜம்.)

ஏசிடிஎச்சே வேண்டும், மனிதச் செல்லாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்றால் எலியின் ஒய்1. 1960களில் யசுமுரா, புவோனசிசி, சாட்டோ ஆகியோர் வளர்த்தெடுத்தது, இன்றும் நன்றாகவே ஓடுகிறது. ஏசிடிஎச் போட்டால் தட்டையாக விரிந்து கிடந்த செல்கள் சுருங்கி உருண்டையாகும், சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே தெரியும், ஹார்மோனைக் கழுவி எடுத்தால் திரும்பத் தட்டையாகும். ஹார்மோன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் ஒய்1இல் கார்டிகோஸ்டிரோன் எலைசா கிட் (ஆன்டிபாடியால் பிடித்து அளக்கும் பெட்டி) வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். இந்தச் செல்லில் 21-ஹைட்ராக்சிலேஸ் நொதி வேலை செய்வதில்லை. அதனால் கார்டிகோஸ்டிரோன் வரை போகாமல் 20ஆல்ஃபா-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோனும் அதன் 11பீட்டா-ஹைட்ராக்சி வடிவமும்தான் மீடியத்தில் சேரும். அளக்க வேண்டியது அவற்றை.

எஸ்டபிள்யூ-13 என்ற லைனும் அட்ரினல் என்ற பெயரில் பட்டியல்களில் இருக்கும். அது ஸ்டீராய்டு செய்யாது. ஹார்மோன் வேலைக்கு அதை எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

மாட்டு அட்ரினலிலிருந்து நேரடியாகச் செல் எடுப்பது பழைய, நல்ல முறை. புதிதாக வெட்டிய சுரப்பியைப் பனிக்கட்டியில் கொண்டுவந்து, கொழுப்பை நீக்கி, புறணியை மெல்லிய துண்டுகளாகச் சீவி, கொலாஜினேஸ் நொதியில் கரைத்துப் பிரிக்க வேண்டும். இந்தச் செல்களில் ஏசிடிஎச் பதில் அற்புதமாக இருக்கும், ஒரு நானோமோலாருக்கும் கீழான அளவிலேயே கார்டிசால் ஏறும். சிக்கல், ஒவ்வொரு சுரப்பியும் ஒவ்வொரு மாதிரி, அத்துடன் நாளாக ஆகச் செல் தன் குணத்தை இழக்கும். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எந்த லைனாக இருந்தாலும் வாங்கியவுடன் அதன் அடையாளத்தை எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ பரிசோதனையில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர்த் தொற்று இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஒரு குப்பிச் செல்லை வாங்கி வருவது வசதிதான், ஆனால் அது எத்தனையாவது பாசேஜ் (புதுத் தட்டுக்குப் பிரித்து மாற்றிய தடவை) என்று அவர்களுக்கே தெரியாமல் இருக்கும். எச்295ஆரில் இது வெறும் சுத்தபத்த விஷயம் இல்லை, பாசேஜ் ஏற ஏற ஹார்மோன் உற்பத்தியின் விகிதமே மாறும். ஓஇசிடி நெறிமுறை இதற்காகவே ஒரு வரம்பு வைத்திருக்கிறது: உறைநிலையிலிருந்து எடுத்தபின் குறைந்தது நான்கு பாசேஜ் ஆன பிறகே சோதனைக்கு எடுக்க வேண்டும், பத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் வேலை அந்த நெறிமுறைப்படி இல்லாவிட்டாலும் இந்த வரம்பைப் பின்பற்றுவது நல்லது.

மீடியத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

ஹார்மோன் சோதனைகள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். எச்295ஆருக்கு வழக்கமான மீடியம், டிஎம்இஎம், எஃப்12 என்ற இரண்டு ஆயத்த மீடியங்களைச் சரிபாதியாகக் கலந்தது, அதில் நு-சீரம் என்ற சீரக் கலவை 2.5%, ஐடிஎஸ் பிளஸ் என்ற ஊட்டக் கலவை 1%. சீரம் என்பது விலங்கின் ரத்தத்திலிருந்து வருவது, அதில் கார்டிசாலும் எஸ்ட்ரடையாலும் டெஸ்டோஸ்டிரோனும் தைராய்டு ஹார்மோனும் இயல்பாகவே இருக்கும், ஒவ்வொரு லாட்டிலும் (தயாரிப்புத் தொகுதியிலும்) வேறு வேறு அளவில். செல்லே இல்லாத வெறும் மீடியத்தை அதே இன்குபேட்டரில் அதே நேரம் வைத்து, அதிலும் கார்டிசால் அளந்து பாருங்கள். சுழியம் வராது. அந்த எண்ணைக் கழிக்காமல் "அடிப்படை உற்பத்தி" என்று எழுதினால், நீங்கள் எழுதுவது கன்றுக்குட்டியின் கார்டிசாலையும் சேர்த்துத்தான்.

ஐடிஎஸ் பிளஸில் உள்ள 'ஐ' இன்சுலின். 1% கலவை சேர்த்தால் மீடியத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 6.25 மைக்ரோகிராம், அதாவது ஏறத்தாழ 1 மைக்ரோமோலார். வெறும் வயிற்றில் மனித ரத்தத்தில் இருக்கும் இன்சுலினோடு ஒப்பிட்டால் இது பல ஆயிரம் மடங்கு. இந்த அளவில் இன்சுலின் தன் ஏற்பியோடு நிற்காது, ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியையும் தட்டும். "அட்ரினல் செல்லில் இன்சுலினின் விளைவு" என்று தலைப்பு வைத்துவிட்டு, ஐடிஎஸ் உள்ள மீடியத்தில் இன்சுலின் போட்டால் எந்த வித்தியாசமும் தெரியாது. தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் ஃபீனால் ரெட். மீடியத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் இந்தச் சாயத்துக்கு லேசான எஸ்ட்ரோஜன் குணம் உண்டு என்று 1986லேயே காட்டிவிட்டார்கள். கார்டிசால் மட்டும் பார்ப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், எஸ்ட்ரடையாலின் விளைவைப் பார்ப்பவர்கள் சாயமில்லாத மீடியம் வாங்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? சோதனைக்கு முந்தைய நாள் மாலை, செல்களை ஒருமுறை கழுவிவிட்டு, சீரம் 0.1% மட்டும் உள்ள மீடியத்துக்கு மாற்றி இரவு முழுக்க விடுங்கள். ஸ்டீராய்டு விளைவு பார்ப்பதானால் கரித்தூளால் வடிகட்டிய சீரம். ஆனால் கரித்தூள் ஸ்டீராய்டை மட்டும் தேர்ந்து எடுக்காது, மற்ற கொழுப்புச் சார்ந்த பொருள்களையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சீரத்தைக் குறைக்கும்போது இன்னொன்றும் குறைகிறது: எல்டிஎல் என்ற கொழுப்புப் புரதத் துகள் மூலம் வரும் கொலஸ்ட்ரால். ஸ்டீராய்டுகளுக்கு மூலப்பொருளே கொலஸ்ட்ரால்தான். செல்லைப் பல நாள் பட்டினி போட்டுவிட்டு ஹார்மோன் கொடுத்தால் கட்டளை போய்ச் சேரும், சரக்கு இருக்காது. ஓர் இரவு போதும், அதற்கு மேல் வேண்டாம்.

ஹார்மோனைக் கரைப்பதும் காப்பதும்

ஏசிடிஎச் 39 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு, அதில் முதல் 24 இருந்தாலே முழுச் செயல்திறனும் கிடைக்கும். இந்த 1-24 துண்டைத்தான் டெட்ராகோசாக்டைட் என்று மருத்துவமனையில் அட்ரினல் பரிசோதனைக்கு ஊசியாகப் போடுகிறார்கள். மூலக்கூறு எடை ஏறத்தாழ 2933. ஒரு மில்லிகிராம் தூளை 3.4 மில்லிலிட்டரில் கரைத்தால் 100 மைக்ரோமோலார் ஸ்டாக், அதாவது நீர்க்கும் முன் வைத்திருக்கும் அடர் கரைசல். அதிலிருந்து பத்தாயிரத்தில் ஒரு பங்காக நீர்த்தால் 10 நானோமோலார், பெரும்பாலான சோதனைகளுக்கு இதுவே உச்ச அளவு. வாங்கிய தூளில் பெப்டைடு மட்டும் இருப்பதில்லை, உப்பும் ஈரமும் சேர்ந்தே எடைக்கு வரும், எனவே பாட்டிலோடு வரும் சான்றிதழில் நிகர பெப்டைடு அளவைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

பெப்டைடு ஹார்மோன்களின் கெட்ட பழக்கம், கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்வது. ஸ்டாக்கில் இருக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. நானோமோலாருக்குக் கீழே நீர்த்து, அதை ஒரு டியூபில் அரைமணி வைத்திருந்தால் பாதி சுவரில்தான் இருக்கும். நீர்த்த அமிலத்தில் ஸ்டாக் கரையுங்கள், வேலைக்கான நீர்ப்புகளில் 0.1% பிஎஸ்ஏ (மாட்டு சீரத்தின் ஆல்புமின் புரதம்) சேருங்கள், ஒட்டும் தன்மை குறைந்த டியூப் இருந்தால் பயன்படுத்துங்கள். ஸ்டாக்கைச் சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள், ஒரு பங்கை ஒருமுறைதான் உருக்க வேண்டும், மிச்சத்தைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். மருந்துக்கடை ஊசியைப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். சாதாரண 250 மைக்ரோகிராம் ஆம்ப்யூல் என்றால் ஓடும். டெப்போ வகை வேண்டவே வேண்டாம், அதில் துத்தநாகமும் பென்சைல் ஆல்கஹாலும் இருக்கும்.

ஆஞ்சியோடென்சின் 2 எட்டே அமினோ அமிலங்கள், தண்ணீரில் சுலபமாகக் கரையும், 10 முதல் 100 நானோமோலார் வழக்கம். செல்களின் நொதிகள் இதை வேகமாகச் சிதைத்துவிடும், எனவே 24 மணிநேரச் சோதனையில் கடைசி மணிநேரத்தில் நீங்கள் போட்ட அளவு அப்படியே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பொட்டாசியத்தை ஏற்றுவது இன்னும் சுலபம், பொட்டாசியம் குளோரைடு போட்டால் முடிந்தது. டிஎம்இஎம்/எஃப்12 மீடியத்தில் ஏற்கெனவே சுமார் 4 மில்லிமோலார் இருக்கிறது, 12 சேர்த்தால் 16. பலரும் மறப்பது, உப்பு சேர்த்தால் மீடியத்தின் சவ்வூடு அழுத்தமும் ஏறும் என்பதை. செல் பதில் சொன்னது பொட்டாசியத்துக்கா, அழுத்தத்துக்கா? அதே 12 மில்லிமோலார் சோடியம் குளோரைடு போட்ட குழிகளை ஒப்பீட்டுக்கு வைத்தால் கேள்வி தீர்ந்தது.

ஃபோர்ஸ்கோலின் ஹார்மோன் இல்லை, ஆனால் இந்த வேலையில் அது இல்லாமல் முடியாது. அடினைலேட் சைக்ளேஸ் நொதியை நேரடியாக முடுக்கிவிட்டுச் சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றும். நம் ஊரில் மருந்து கூர்க்கன் என்று சேலம் பக்கமெல்லாம் பயிரிடுகிறார்களே, அந்தச் செடியின் வேரிலிருந்து எடுப்பதுதான் இது, 1970களில் இந்திய ஆய்வகங்களில்தான் முதலில் பிரித்தெடுத்தார்கள். மூலக்கூறு எடை 410.5. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 10 மில்லிமோலார் ஸ்டாக், மில்லிலிட்டருக்கு 4.1 மில்லிகிராம், ஆயிரத்தில் ஒன்றாக நீர்த்தால் 10 மைக்ரோமோலார். அப்போது டிஎம்எஸ்ஓ 0.1% இருக்கும், அதற்கு மேல் போகாதீர்கள். மற்ற குழிகளிலும் அதே 0.1% இருக்க வேண்டும். ஸ்டீராய்டுகளை எத்தனாலில் கரைத்தாலும் இதே விதி.

ஒரு பிளேட், எட்டுச் சிகிச்சைகள்

எச்295ஆரில் ஆல்டோஸ்டிரோன் பார்க்கும் ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். 24 குழிப் பிளேட்டில் குழிக்கு ஒரு மில்லிலிட்டர், அதில் 2 முதல் 3 லட்சம் செல்கள். 37 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு. மறுநாள் பார்த்தால் பாதிக்குச் சற்று மேல் பரப்பு நிரம்பியிருக்க வேண்டும். முழுக்க நிரம்பிவிட்டால் அந்தப் பிளேட்டை விட்டுவிட்டு மறுபடி போடுங்கள், நெருக்கடியில் செல்லின் உற்பத்தி வேறு மாதிரி இருக்கும். அன்று மாலை குறைந்த சீரம். அடுத்த நாள் காலை மீடியத்தை எடுத்துவிட்டு, புதிதாகக் கலந்த சிகிச்சை மீடியத்தை ஊற்றுங்கள். குழியில் இருக்கிற மீடியத்தின் மேலேயே ஹார்மோனைச் சொட்டு விடுவது சோம்பேறித்தனம், கலவை சீராக இருக்காது.

சிகிச்சைகள்: ஒன்றும் போடாதது, டிஎம்எஸ்ஓ மட்டும், ஆஞ்சியோடென்சின் 10 நானோமோலார், லோசார்டான் மட்டும், லோசார்டானும் ஆஞ்சியோடென்சினும் சேர்ந்து, கூடுதல் பொட்டாசியம், அதே அளவு சோடியம், ஃபோர்ஸ்கோலின். எட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று குழி, பிளேட் நிரம்பிவிட்டது. லோசார்டான் ஆஞ்சியோடென்சினின் ஏடி1 ஏற்பியை அடைக்கும் மருந்து, 1 மைக்ரோமோலார் போதும், ஹார்மோனுக்கு அரைமணி முன்பே போட்டுவிட வேண்டும். அது சேர்ந்த குழியில் ஏற்றம் அடங்கினால்தான் "ஏற்பி வழியாக நடந்தது" என்று எழுத உங்களுக்கு உரிமை. சிகிச்சைகளை ஒரே வரிசையில் அடுக்காமல் கலைத்துப் போடுங்கள், ஓரக் குழிகளில் நீர் ஆவியாகி எல்லாமே அடர்த்தியாகும், அதை ஹார்மோனின் விளைவு என்று எண்ணிவிடக் கூடாது.

எத்தனை நேரம்? இதற்கு ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் ஹார்மோனின் வேலை பல வேகங்களில் நடக்கிறது. ஏசிடிஎச் ஏற்பியைத் தொட்ட ஒரு நிமிடத்துக்குள் சைக்ளிக் ஏஎம்பி ஏறத் தொடங்கும். சில நிமிடங்களிலிருந்து கால் மணிநேரத்துக்குள் ஸ்டீராய்டு மீடியத்தில் கூடுவது தெரியும். செல் ஸ்டீராய்டைச் சேமித்து வைப்பதில்லை, கேட்கும்போது செய்கிறது, எனவே இந்த வேகம் ஆச்சரியமானதுதான். இங்கே நடப்பது, கொலஸ்ட்ரால் மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வுக்குள் கொண்டுபோகப்படுவது, அதைச் செய்வது ஸ்டார் என்ற புரதம், 1994இல் அடையாளம் கண்டது. இதற்குப் புதிய புரதம் தயாராக வேண்டும் என்பது அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே தெரியும், புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு போட்டால் ஏசிடிஎச்சின் உடனடிப் பதில் நின்றுவிடும் என்று அப்போதே பார்த்துவிட்டார்கள். ஆறு மணிநேரத்திலிருந்து ஒரு நாள் வரையில் சிஒய்பி11ஏ1, சிஒய்பி17 போன்ற நொதிகளின் மரபணுக்கள் ஏறுகின்றன, உற்பத்தித் திறனே கூடுகிறது. நாள்கணக்கில் பார்த்தால் செல்லின் உருவமும் பெருக்கமும் மாறும். ஆக ஸ்டார் பார்க்க விரும்புகிறவர் 48 மணிநேரம் கழித்து மீடியத்தை எடுத்தால் எல்லாம் சேர்ந்து குழம்பிய ஒரு தொகைதான் கையில் இருக்கும். உங்கள் கேள்வி எந்த வேகத்தைப் பற்றியது என்று முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். முதல்முறை என்றால் 1, 6, 24 மணிநேரம் என்று மூன்று பிளேட் போடுவது நல்லது.

அளவு எடுப்பது

நேரம் முடிந்ததும் மீடியத்தை எடுத்து, லேசாகச் சுழற்றி, மிதக்கும் செல்களை நீக்கி உறைய வையுங்கள். குழியில் மிச்சமிருக்கும் செல்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவற்றைக் கரைத்துப் புரதமோ டிஎன்ஏவோ அளந்து, ஸ்டீராய்டு அளவை அதனால் வகுக்க வேண்டும். இல்லாவிட்டால் செல் செத்ததும் ஹார்மோன் குறைந்ததும் ஒன்றுபோலத் தெரியும். உயிரோடு இருக்கும் செல்கள் 80 சதவீதத்துக்குக் கீழே போன குழியை விளைவில் சேர்க்காதீர்கள்.

எலைசா கிட் வாங்கும்போது அதன் தாளில் குறுக்கு வினை அட்டவணையைப் படியுங்கள். எச்295ஆர் கார்டிசாலுக்கு ஒரு படி முந்தைய 11-டிஆக்சிகார்டிசாலைத் தாராளமாகச் செய்யும். கிட்டின் ஆன்டிபாடி அதையும் பிடித்தால், நீங்கள் கார்டிசால் என்று படிப்பது இரண்டின் கூட்டுத்தொகை. ரத்த மாதிரிக்குச் செய்த கிட் நோயாளியிடம் சரியாக வேலை செய்யும், இந்த மீடியத்தில் ஏமாற்றும். கார்டிசாலை ஒத்த மருந்தான பிரெட்னிசோலோன் போட்ட செல்லில் கார்டிசால் எலைசா செய்வதும் இதே கதை. வசதி இருந்தால் எல்சி-எம்எஸ் (பொருள்களைப் பிரித்து எடையால் அடையாளம் காணும் கருவி) சோதனைக்கு அனுப்புங்கள், ஒரே மாதிரியில் பத்துப் பன்னிரண்டு ஸ்டீராய்டுகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம், எந்த நொதியில் அடைப்பு என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

அது இல்லாதவர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. 22ஆர்-ஹைட்ராக்சி கொலஸ்ட்ரால் என்ற பொருள் ஸ்டார் புரதத்தின் உதவி இல்லாமலே மைட்டோகாண்டிரியாவுக்குள் போகும். 10 அல்லது 20 மைக்ரோமோலார் போட்டுப் பாருங்கள். ஹார்மோனுக்குப் பதில் சொல்லாத செல் இதற்கு நன்றாக ஸ்டீராய்டு செய்தால், நொதிகள் நலமாக இருக்கின்றன, குறை அதற்கு முன்னால், ஏற்பியிலோ சைகைப் பாதையிலோ ஸ்டாரிலோ. இதற்கும் ஒன்றும் வரவில்லையென்றால் ஹார்மோனைக் குறை சொல்லாதீர்கள்.

உடம்பில் ஒன்று, தட்டில் வேறொன்று

பிட்யூட்டரியை எடுத்துவிட்டால் விலங்கின் அட்ரினல் புறணி சுருங்கிப்போகும், ஏசிடிஎச் கொடுத்தால் மீளும். ஆகவே ஏசிடிஎச் போட்டால் தட்டிலும் செல் பெருகும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பது நேர் எதிர். ஒய்1 ஆனாலும் மாட்டுச் செல் ஆனாலும் ஏசிடிஎச் பெருக்கத்தைத் தடுக்கிறது, செல் பருக்கிறது, ஸ்டீராய்டு செய்கிறது, ஆனால் பிரிவதில்லை. மாட்டுச் செல்லைப் பெருக்க எஃப்ஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகள்தான் வேண்டும். உடம்பில் சுரப்பி வளர்வதற்கு ரத்த ஓட்டமும், ஏசிடிஎச் எந்தத் தாய்ப்புரதத்திலிருந்து வெட்டப்படுகிறதோ அதன் வேறு துண்டுகளும் காரணமாக இருக்கலாம் என்று நெடுங்காலமாக விவாதம் நடக்கிறது. உங்களுக்கு வேண்டியது நடைமுறை விஷயம்: ஏசிடிஎச் போட்ட குழியில் மூன்று நாள் கழித்துச் செல் எண்ணிக்கை குறைவாக இருந்தால் அது நச்சு விளைவு என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

கார்டிசாலைப் போல வேலை செய்யும் செயற்கை மருந்தான டெக்சாமெதசோன் விஷயத்திலும் இதே மாதிரி எதிர்பார்ப்பு ஒன்று உண்டு. மருத்துவமனையில் அந்த மாத்திரை கொடுத்தால் கார்டிசால் அடங்குகிறது, எனவே தட்டிலும் அடங்க வேண்டும் என்று. அந்த அடக்கம் முக்கியமாக நடப்பது பிட்யூட்டரியிலும் அதற்கு மேலும், ஏசிடிஎச் குறைவதால் அட்ரினல் ஓய்கிறது. உங்கள் தட்டில் பிட்யூட்டரி ஏது?

மாட்டுச் செல் குணம் இழப்பதைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அட்ரினல் செல் ஆய்வாளர் பீட்டர் ஹார்ன்ஸ்பியின் ஆய்வுகள் காட்டியபடி, கல்ச்சரில் முதலில் போவது கார்டிசாலின் கடைசிப் படியைச் செய்யும் 11பீட்டா-ஹைட்ராக்சிலேஸ். காற்றில் உள்ள ஆக்சிஜன் செறிவு சுரப்பியின் உள்ளே இருப்பதைவிட மிக அதிகம். மேலும் கார்டிசாலே இந்த நொதியோடு போலியாக ஒட்டிக்கொண்டு, தீங்கான ஆக்சிஜன் வகைகளை உண்டாக்கி, நொதியைக் கெடுக்கிறது, அதாவது செல் தான் செய்த சரக்காலேயே பாதிக்கப்படுகிறது. அஸ்கார்பிக் அமிலம் முதலிய எதிர்-ஆக்சிகரணிகளைச் சேர்ப்பதும், ஆக்சிஜனைக் குறைத்து வளர்ப்பதும் இதைத் தடுக்கும். அஸ்கார்பிக் அமிலம் மீடியத்தில் வேகமாகச் சிதையும், தினமும் புதிதாகப் போட வேண்டும்.

அகணிச் செல்களுக்கு

குரோமாஃபின் செல்களின் கதை தனி, ஆனால் எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் அழகானது. புறணியின் ரத்தம் அகணி வழியாக வடிகிறது, அதனால் அகணிச் செல்கள் எப்போதும் உடம்பின் மற்ற பகுதிகளைவிடப் பல மடங்கு கார்டிசாலில் (எலியில் கார்டிகோஸ்டிரோனில்) நனைந்துகொண்டே இருக்கின்றன. நார்அட்ரினலினை அட்ரினலினாக மாற்றும் பிஎன்எம்டி நொதி இதைச் சார்ந்தே இருக்கிறது என்று 1960களின் நடுவில் வுர்ட்மனும் ஆக்சல்ராடும் எலிகளில் காட்டினார்கள். தட்டில் எடுத்துப்போட்டால்? 1978இல் கிளாஸ் உன்சிக்கர் குழு பார்த்தது, எலிக்குட்டிகளின் குரோமாஃபின் செல்லுக்கு நரம்பு வளர்ச்சிக் காரணியான என்ஜிஎஃப் கொடுத்தால் அது நரம்பு செல்போல நீண்ட இழைகளை விடுகிறது, குளுக்கோகார்டிகாய்டு (கார்டிசால் வகை ஸ்டீராய்டு) சேர்த்தால் அந்த இழைகள் வளர்வது தடுக்கப்படுகிறது. ஒரே செல், எந்த ஹார்மோனைச் சந்திக்கிறது என்பதைப் பொறுத்து ஏறக்குறைய வேறொன்றாக மாறப் பார்க்கிறது.

இதை நீங்களே பார்க்க மலிவான வழி பிசி12. எலியின் அகணிக் கட்டியிலிருந்து 1976இல் கிரீனும் டிஷ்லரும் எடுத்த லைன், புனேயில் உள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தின் செல் வங்கிப் பட்டியலில் முதலில் தேடிப் பாருங்கள், வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதைவிடச் சுலபம். கொலாஜன் பூசிய தட்டில், ஆர்பிஎம்ஐ மீடியத்தில் 10% குதிரை சீரம், 5% கன்று சீரம். சோதனைக்குச் சீரத்தைக் குறைத்து, ஒரு பகுதிக்கு என்ஜிஎஃப் மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம், இன்னொரு பகுதிக்கு டெக்சாமெதசோன் 1 மைக்ரோமோலார், மூன்றாவதுக்கு இரண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மீடியத்தை மாற்றுங்கள், ஒரு வாரம் பொறுங்கள். இழை நீளம் செல்லின் விட்டத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் மட்டும் எண்ணுவது என்று முன்கூட்டியே முடிவு செய்து, எந்தக் குழி எது என்று தெரியாத ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். பிசி12இல் அட்ரினலின் தேடாதீர்கள், அதன் முக்கிய உற்பத்தி டோபமைனும் நார்அட்ரினலினும்தான்.

அளக்கும்போது ஒரு வேறுபாடு: ஸ்டீராய்டு போலல்லாமல் இந்தச் செல்கள் கேட்டகோலமைன்களை (அட்ரினலின், நார்அட்ரினலின், டோபமைன்) சிறு பைகளில் சேமித்து வைக்கின்றன. எனவே மீடியத்தில் வெளிவந்தது, செல்லுக்குள் மிச்சமிருப்பது இரண்டையும் அளந்து, வெளியேறியது மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். அவை அறை வெப்பத்தில் சீக்கிரம் ஆக்சிகரணமாகிப் பழுப்பாகும், மாதிரியை எடுத்த கையோடு பெர்குளோரிக் அமிலத்தில் போட்டுப் பனிக்கட்டியில் வையுங்கள்.

கடைசியாக எண்ணிக்கைக் கணக்கு. ஒரே நாளில் ஒரே பிளேட்டில் மூன்று குழி என்பது மூன்று சோதனை ஆகாது, அது ஒன்றுதான். வெவ்வேறு பாசேஜில், வெவ்வேறு நாளில், புதிதாகக் கலந்த ஹார்மோனோடு குறைந்தது மூன்று தடவை செய்து அந்த மூன்று சராசரிகளை வைத்துப் புள்ளியியல் போடுங்கள். நோட்டில் பாசேஜ் எண், சீரத்தின் லாட் எண், ஹார்மோன் பங்கு உருக்கிய தேதி மூன்றையும் ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பிளேட் மட்டும் விலகி நிற்கும்போது முதலில் திருப்பிப் பார்க்கப்போவது சீரத்தின் லாட் எண்ணைத்தான், எனவே ஒரு லாட் பிடித்துவிட்டால் புராஜெக்ட் முழுவதற்கும் வேண்டிய பாட்டில்களை அப்போதே சேர்த்து வாங்கி வைத்துவிடுங்கள்.